ஊரைவிட்டுப் போனவர்களின் உடை

1872ஆம் ஆண்டுக் கோடையில், ஆர்தர் ஹாசெலியுஸ் என்ற மொழியறிஞர் ஸ்வீடனின் நடுப்பகுதியிலுள்ள தாலார்னா மாநிலத்தில் மனைவியோடு பயணம் செய்துகொண்டிருந்தார். போன வழியெல்லாம் ஒரு மாற்றம் அவர் கண்ணில் பட்டது. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த உடைகளைக் குடியானவர்கள் களைந்துகொண்டிருந்தார்கள். ஆலைத்துணி எல்லா ஊரையும் ஒன்றுபோலாக்கிக்கொண்டிருந்தது. ஸ்டூரா தூனா என்ற ஊரில் அவர் ஒரு பாவாடையை வாங்கினார். இன்று 15 லட்சம் பொருள்களுக்கு மேல் வைத்திருக்கும் நோர்டிஸ்கா மியூசியத்தின் முதல் சேகரிப்பு அந்தப் பாவாடைதான். பாவாடையில் தொடங்கிய ஓர் அருங்காட்சியகம் என்பதே அதைப் பார்க்க எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

ஹாசெலியுஸ் பயணம் போன காலத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1867 முதல் 1869 வரை ஸ்வீடனைக் கடும் பஞ்சம் வாட்டியிருந்தது. விளைச்சல் பொய்த்த ஊர்களிலிருந்து மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். 1930 வரையான எண்பது ஆண்டுகளில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிப் போனார்கள். அதுவரை நகரங்களில் மட்டுமே நடந்த கடை வியாபாரம் 1846இல் நாட்டுப்புறத்துக்கும் அனுமதிக்கப்பட்டது; 1864இல் மீதிக் கட்டுப்பாடுகளும் நீங்கின. கிராமத்துக் கடையில் ஆலைத்துணி மலிவாகக் கிடைத்தபோது, ஆட்டுமயிரைக் கத்தரித்து, சிக்கெடுத்து, நூற்று, சாயமேற்றி, நெய்து, மிதித்துக் கெட்டியாக்கி ஒரு பாவாடைக்குத் துணி சேர்ப்பது எத்தனை பேருக்கு இயலும்? பசித்த வீட்டில் பாட்டியின் உடைப்பெட்டி விற்கக்கூடிய பொருளாகிவிட்டது. ஹாசெலியுஸும் அவருடைய முகவர்களும் வாங்கியவற்றில் எத்தனையோ அப்படிக் கைமாறியவை.

ஸ்டாக்ஹோம் நகரின் நடுவிலிருந்து ஏழாம் எண் டிராம் கடற்கரையோரமாக ஓடி, பாலம் தாண்டி, யூர்கோர்டன் தீவுக்குள் நுழைகிறது. இறங்கியதும் கோபுரங்களும் முக்கோண முகப்புகளுமாக ஓர் அரண்மனை எதிரே நிற்கிறது. ஈசாக் குஸ்தாவ் கிளாசோன் வடிவமைத்த இந்தக் கட்டடத்தின் வேலை 1888இல் தொடங்கி 1907இல்தான் முடிந்தது. திட்டப்படி இது இன்னும் பலமடங்கு பெரிதாகியிருக்க வேண்டும். பணம் அந்த அளவுக்கு எட்டவில்லை. எழுந்த பகுதியே மலைப்பூட்டுகிறது. உள்ளே நுழைந்ததும் 126 மீட்டர் நீளமும் 24 மீட்டர் உயரமுமுள்ள கூடம். அதில் கார்ல் மில்லெஸ் செதுக்கிய குஸ்தாவ் வாசா மன்னரின் பேருருவம். 1901இலேயே இறந்துவிட்ட ஹாசெலியுஸ் இந்தக் கூடம் திறக்கப்பட்டதைப் பார்க்கவில்லை. அவர் 1873இல் தன் சேகரிப்பை முதன்முதலாக மக்களுக்குக் காட்டியது நகரத் தெருவொன்றில் இருந்த வாடகை மண்டபத்தில்.

மன்னரைக் கடந்து துணிகளிடம் போனேன். ஒளி சட்டென்று குறைந்துவிடுகிறது. பழந்துணிக்கு வெளிச்சம் பகை. ஏறிய சாயத்தை ஒளி ஒருமுறை தின்றுவிட்டால் அது திரும்புவதில்லை. ஆகவே உலகெங்கும் துணிக் காட்சிகளுக்கு 50 லக்ஸ் என்ற மங்கல் ஒளியையே வைக்கிறார்கள். கண் பழகச் சிறிது நேரம் ஆகும். பழகியபின் ஒவ்வொரு நிறமாக வெளியே வருகிறது: மஞ்சிட்டி வேரின் சிவப்பு, அவுரியின் நீலம், பிர்ச் மர இலையின் மஞ்சள், சலவை ஏறிய லினனின் வெண்மை. அவற்றுக்கிடையே கறுப்பு, ஏராளமான கறுப்பு. வண்ணக் கொண்டாட்டத்தை எதிர்பார்த்து வருபவரை இந்தக் கறுப்பு முதலில் நிறுத்திவைக்கும். கறுப்பு, கருநீலக் கம்பளியின் மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு விரற்கடைச் சிவப்பு நாடா எவ்வளவு பேசுகிறது என்பது தெரிகிறது.

சட்டை, கையில்லா மேற்கச்சு, பாவாடை, ஏப்ரன், தோள்துண்டு, தலையணி, காலுறை என்று ஒரு பெண்ணின் உடை பல துண்டுகளால் ஆனது. இடுப்பில் தனியே ஒரு பை தொங்கும். பாவாடையில் பை தைக்காத காலத்தில் காசு, ஊசி, கைக்குட்டை எல்லாம் அதற்குள்தான். தோலும் வண்ணத் துணியும் ஒட்டித் தைத்த அந்தப் பைகள் பலவற்றில் இரண்டு மூன்று எழுத்துகளும் ஓர் ஆண்டும் இருக்கின்றன. உடுத்தியவர் பெயரின் தலைப்பெழுத்துகள் அவை. ஹெல்சிங்லாண்ட் மாநிலத்து டெல்ஸ்பூ ஊரின் சிவப்பு, பச்சை, கறுப்புப் பின்னல் சட்டைகளிலும் அதே வழக்கம். நெஞ்சுக்கு நேரே எழுத்தும் ஆண்டும் பின்னலோடு பின்னலாக ஓடுகின்றன. பேழையின் விளக்கச் சீட்டுகள் பெரும்பாலும் ஊரின் பெயரைச் சொல்கின்றன. உடுத்தியவரின் குரலாக எஞ்சியிருப்பவை இந்த எழுத்துகள் மட்டுமே. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடந்தேன்.

ஊர் உடைகள் மண்ணிலிருந்து முளைத்தவை போலத் தோன்றும். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் வெகுதூரம் பயணம் செய்து வந்திருக்கிறது. ஆண்களின் முழங்கால்வரையான காற்சட்டையும் நீண்ட மேற்கச்சும் 18ஆம் நூற்றாண்டுக் கனவான்களின் பாணி. நகரம் அதைக் கைவிட்ட பிறகும் கிராமம் வைத்துக்கொண்டது. பட்டின் மேல் பூத்தையல் போட்டு, நெற்றியோரம் லேஸ் வைத்த விறைப்பான தொப்பிகளை ஸ்வீடனின் பல பகுதிக் குடியானவப் பெண்கள் அணிந்தார்கள்; அதுவும் நகரத்து வணிகர் வீடுகளில் தொடங்கியதே. தாலார்னாவின் ஃப்ளூடா ஊர் உடையில் கறுப்புத் துணி முழுவதும் ரோஜாக்களாகப் பொங்கும் கம்பளிப் பூத்தையல் இருக்கிறது. இன்று தாலார்னா என்றதும் பலரும் நினைப்பது அந்தப் பூக்களைத்தான். அவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தவை. 1856இல் இங்கிலாந்தில் முதல் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் ஜெர்மனியிலிருந்து மெல்லிய கம்பளி நூல் வந்தது. ஃப்ளூடாப் பெண்கள் அந்த நூலைக் கையிலெடுத்து அதுவரை இல்லாத ஒன்றைச் செய்தார்கள். தொழிற்சாலை பழைய உடைகளை அழித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தொழிற்சாலை நூலாலேயே ஒரு புது மரபு பிறந்தது.

சீட்டித் துணியின் பயணம் இன்னும் நீண்டது. தாலார்னாவின் லெக்சாண்ட், ரெட்விக் ஊர்களின் தோள்துண்டுகளிலும் இளம்பெண்களின் தலையணிகளிலும் பூப்போட்ட பருத்தி இருக்கிறது. பருத்தி விளையாத நாட்டில் இந்த ஆசையை மூட்டியவை இந்தியச் சீட்டிகள். ஐரோப்பா முழுவதும் அவற்றுக்கு அலைந்தது. 1731இல் கோத்தன்பர்க் நகரில் தொடங்கப்பட்ட ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனி, 1733இல் 'ராணி உல்ரிகா எலியொனோரா' என்ற கப்பலை நம் சோழமண்டலக் கரைக்கு அனுப்பியது. பரங்கிப்பேட்டையில் அவர்கள் கிடங்கு அமைத்தார்கள். போட்டிக்கு இன்னொருவர் வருவதைப் பொறுக்காத ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து படையனுப்பிக் கிடங்கைக் கைப்பற்றினார்கள். அதன்பின் அந்தக் கம்பெனியின் வாணிகம் பெரும்பாலும் சீனத்தின் கான்டன் துறைமுகத்தைச் சார்ந்தே நடந்தது. ஆயினும் பூப்போட்ட துணியின் மேல் விழுந்த கண் விலகவில்லை. ஸ்டாக்ஹோம் அருகிலேயே பருத்தியில் அச்சுப்போடும் தொழிற்கூடங்கள் எழுந்தன. குடியானவர்கள் பட்டும் அயல்நாட்டுச் சீட்டியும் உடுத்தக் கூடாது என்று 18ஆம் நூற்றாண்டு முழுவதும் அரசு ஆணைமேல் ஆணை போட்டது. ஒரே தடையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்றால் பெண்கள் அதை மதிக்கவில்லை என்றுதான் பொருள். பேழைக்குள் இருக்கும் தோள்துண்டுகள் அதற்குச் சாட்சி.

துணி இப்படி வெளியிலிருந்து ஊருக்குள் வந்தது. உடுத்தியவர்கள் ஊரிலிருந்து வெளியே போனார்கள். எனக்கு இந்த அருங்காட்சியகத்தின் திறவுகோல் கிடைத்தது அங்கேதான்.

தாலார்னாவில் நிலத்தை மகன், மகள் எல்லோருக்கும் பிரித்துக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பங்கு போட்டதில் வயல்கள் துண்டுதுண்டாகச் சிறுத்தன. அந்தத் துண்டிலிருந்து ஆண்டு முழுவதற்கும் சோறு கிடைக்காது. ஆகவே வேலை தேடிப் போவது அங்கே வாழ்க்கையின் ஒழுங்கான பகுதியானது. ஆண்கள் மட்டுமல்லாமல் திருமணமாகாத பெண்களும் கூட்டமாக நடந்தே ஸ்டாக்ஹோம் போனார்கள். தால்குல்லா என்று நகரம் அவர்களை அழைத்தது. தாலார்னாவின் இளம்பெண் என்று பொருள். தோட்டங்களில் மண் கொத்தினார்கள், கட்டட வேலையில் சுமை தூக்கினார்கள், மதுவடிப்பாலைகளில் உழைத்தார்கள். நகரத்துக்கும் யூர்கோர்டன் தீவுக்கும் இடையே, கையால் சுழற்றும் துடுப்புச் சக்கரம் வைத்த படகுகளை ஓட்டினார்கள். நீராவிப் படகுகள் வந்து அந்த வேலையைப் பறிக்கும்வரை, உல்லாசமாகத் தீவுக்குப் போன நகரத்தாரைச் சுமந்தவை இந்தப் பெண்களின் தோள்கள்.

அப்போதெல்லாம் அவர்கள் உடுத்தியிருந்தது தங்கள் ஊர் உடையை. நகரத்துக்கு வந்ததும் நகரத்தார் போல மாற்றிக்கொள்ளவில்லை. 1860வரை ஸ்வீடனுக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோர் இடம் போக அனுமதிச்சீட்டு வேண்டும். அந்தச் சீட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். உடையோ தூரத்திலிருந்தே சொல்லிவிடும்: இவள் இன்ன ஊர்க்காரி, இவளுக்குப் பின்னால் ஒரு தேவாலயமும் ஒரு போதகரும் ஒரு சொந்தபந்தமும் இருக்கின்றன, இவளிடம் வேலை கொடுத்தால் வேலை நடக்கும், இவளிடம் வம்பு செய்தால் இவளுடைய ஊரே அடுத்த படகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். தெரியாத நகரத்தில் அது ஓர் இளம்பெண்ணுக்குக் கவசமாகவும் நற்சான்றாகவும் இருந்தது. தாலார்னாவின் மூரா ஊருக்கு அருகிலுள்ள வோம்ஹூஸ் ஊர்ப் பெண்கள் இன்னும் தொலைவு போனார்கள். மனிதக் கூந்தலைப் பின்னி வளையல், ஊக்கு, கடிகாரச் சங்கிலி செய்வது அவர்கள் கைத்தொழில். இறந்தவரின் முடியை நினைவாக அணிந்துகொள்வது நாகரிகமாக இருந்த 19ஆம் நூற்றாண்டில், ஊர் உடையோடு அவர்கள் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் போய்ச் சம்பாதித்துத் திரும்பினார்கள்.

சொந்த ஊரில் எல்லோரும் ஒன்றுபோல் உடுத்தியிருக்கும்போது, 'இது எங்கள் ஊர் உடை' என்று சொல்ல அவசியமே எழுவதில்லை. ஊரைவிட்டுப் புறப்பட்டு, வேறுவிதமாக உடுத்தியவர்கள் நடுவே நிற்கும்போதுதான் அந்தச் சொல்லுக்குப் பயன் வருகிறது. தாலார்னாவின் உடைகள் மற்ற மாநிலங்களைவிட நீண்டநாள் நிலைத்ததற்கு, அது ஒதுங்கிய மலைநாடு என்று காரணம் சொல்வார்கள். ஒதுங்கியிருந்தவர்கள் அல்ல அவர்கள். ஆண்டுதோறும் தலைநகருக்குப் போய் வந்தவர்கள். போய் வந்ததால்தான் உடையைக் காத்துக்கொண்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

ஹாசெலியுஸுக்கு இது புரிந்திருந்தது. தன் சேகரிப்பைக் காட்ட அவர் வழிகாட்டிகளாக அமர்த்தியது தால்குல்லாக்களையே. அவர்கள் தங்கள் உடையில் நின்று, தங்கள் உடைகளைப் பற்றியே பார்வையாளருக்குச் சொன்னார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், அதே உடை போட்ட பொம்மை உருவங்களும் நின்றன. பொருள்களை வெறுமனே அடுக்கிவைக்காமல், அறையையும் ஆட்களையும் சேர்த்து ஒரு காட்சியாக அமைப்பது ஹாசெலியுஸின் புதுமை. அமாலியா லிண்டெகிரேன் 1858இல் வரைந்த ஓவியமொன்றில், இறந்துபோன குழந்தையின் படுக்கையருகே தாலார்னாக் குடும்பம் ஒன்று அமர்ந்திருக்கும். அதை அப்படியே உருவங்களால் அமைத்து, 1878 பாரிஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். கூட்டம் திரண்டது. அதைப் பார்த்த டென்மார்க்கின் பேர்ன்ஹார்ட் ஓல்சென் ஊர் திரும்பி, 1885இல் கோபன்ஹேகனில் நாட்டார் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். ஐரோப்பாவின் நாட்டார் உடைச் சேகரிப்புகள் பலவற்றின் பின்னால் அந்தத் துக்க வீட்டுக் காட்சியின் தாக்கம் இருக்கிறது.

அருங்காட்சியகத்திலிருந்து மேட்டுப்பாதையில் சற்று நடந்தால் ஸ்கான்சென். 1891இல் ஹாசெலியுஸ் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம் அது. நாட்டின் பல மூலைகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். வாசற்படியில் ஊர் உடையில் ஒருவர் அமர்ந்து நூல் நூற்பார். குழந்தைகள் ஓடுவார்கள். ஹாசெலியுஸின் கல்லறையும் அந்தக் குன்றின் மேல்தான். இனிய இடம். ஆனால் அதன் தொடக்க ஆண்டுகளை நினைக்காமல் அங்கே நடக்க என்னால் முடியவில்லை. வடக்கேயிருந்து சாமி என்ற பழங்குடியினரைக் கலைமான்களோடு அழைத்துவந்து, நகரத்தார் வேடிக்கை பார்க்க அங்கே குடியமர்த்தினார்கள். சாமி மக்களின் மேலங்கியான காக்தியிலும் வெட்டு, பட்டை, நாடா எல்லாம் பேசும். உடுத்தியவர் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதை அறிந்தவர் கண் உடனே படித்துவிடும். ஸ்கான்சென் வந்தவர்களுக்கு அந்தக் கண் இல்லை. ஊர் உடை தால்குல்லாவுக்கு நகரத்தில் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது. சாமிப் பெண்ணை அது காட்சிப்பொருளாக்கியது. உடையில் குற்றமில்லை. பார்ப்பவர் யார், அவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதுதான் அதன் பொருளைத் தீர்மானித்தது. காக்தி இன்றும் திருமணத்திலும் திருவிழாவிலும் அரசியல் மேடையிலும் உடுத்தப்படும் உயிருள்ள உடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காக்தியைப் பார்க்கும்போது, அதைப் 'பழைய' உடைகளோடு சேர்த்து எண்ணாதிருக்க நாமே கவனமாக இருக்க வேண்டும்.

உடைகள் வந்த இடத்தையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஜூன் மாதம், நடுக்கோடைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து வடமேற்கே போகும் ரயில் உப்சாலாவைக் கடந்து, போர்லெங்கே வழியாகப் போகிறது. ஹாசெலியுஸ் பாவாடை வாங்கிய ஸ்டூரா தூனா அதன் பக்கத்தில்தான். அப்புறம் பைன் காடும் சிவப்புச் சாயம் பூசிய மரவீடுகளும் தொடர்கின்றன. பிறகு சில்யான் ஏரி வருகிறது. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பெரும்பள்ளத்தின் ஓரத்தில் தேங்கிய நீர் அது. கரையில் லெக்சாண்ட்; வெங்காய வடிவக் கலசம் வைத்த வெள்ளைத் தேவாலயம். முன்பு ஏரியைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் நீண்ட தேவாலயப் படகுகளில் துடுப்பு வலித்து இங்கே ஆராதனைக்கு வந்தார்கள். 1849இல் நடுக்கோடைக்கு இங்கே வந்த டேனிஷ் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் தன் ஸ்வீடன் பயண நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்களின் வட்டத்தை நம் ஊர்ச் சபையார் சேகரம் என்பார்கள். தாலார்னாவின் ஊர் உடைகளுக்கு எல்லை அந்தச் சேகரம்தான். ஞாயிறுதோறும் எல்லோரும் எல்லோரையும் பார்க்கும் இடம் தேவாலயம். அங்கேதான் உடை சரியா தவறா என்ற தீர்ப்பு நடந்தது. லெக்சாண்டில் அது ஓர் ஆண்டுக் கணக்காகவே வளர்ந்திருக்கிறது. கைவினைக் கடையொன்றில் ஏப்ரன்களை அடுக்கிக்கொண்டிருந்த மூத்த பெண்மணி ஒருவர், வாங்கும் ஆளாக என்னை நினைக்காமலே பொறுமையாக விளக்கினார். பெருநாள்களுக்குச் சிவப்புக்கோடு போட்ட ஏப்ரன். லெந்து எனும் தவக்காலத்துக்கு அடங்கிய நீலம். திடப்படுத்தலுக்கு, திருவிருந்துக்கு, திருமணத்துக்கு என்று ஏப்ரன், தோள்துண்டு, தலையணி எல்லாம் சேர்ந்து மாறும். துக்கத்துக்கு மஞ்சள். மஞ்சளை மங்கலமாகவே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அந்த ஏப்ரன் நெடுநேரம் பிடிபடவில்லை. எந்த ஞாயிறுக்கு எது என்ற கணக்கை ஊரார் பஞ்சாங்கமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அது எழுத்தில் ஏறுவதற்கு முன் பெண்களின் நினைவில் இருந்தது. மகளுக்கு ஏப்ரனைக் கட்டிவிடும்போதே தாய் ஆண்டின் ஒழுங்கையும் சொல்லிக்கொடுத்தாள்.

சற்றுத் தள்ளி, அதே ஏரிக்கரையில் ரெட்விக். அங்கே தனி ஏப்ரன் கிடையாது. கருநீலப் பாவாடையின் முன்பக்கத்திலேயே குறுக்குக்கோடுகள் போட்ட துணியை இணைத்துத் தைத்துவிடுவார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். இரண்டிலும் அதே ஏரி, அதே ஆடு, அதே ஜெபப்புத்தகம். ஆனாலும் ஓர் ஊர் ஏப்ரனை அவிழ்த்துக் கட்டுகிறது, இன்னொரு ஊர் தைத்துவிடுகிறது. இதற்குத் தட்பவெப்பமோ வறுமையோ காரணம் சொல்ல முடியாது. பெண்கள் அப்படி வேண்டுமென்று முடிவு செய்தார்கள், அவ்வளவுதான். ஏழைக் குடியானவப் பெண்களுக்கு அழகைப் பற்றிய தீர்மானமான கருத்து இருந்தது என்பதை, பேழைக்குள் பார்த்ததைவிட அந்த இரண்டு ஊர்களுக்கும் அடுத்தடுத்துப் போனபோது தெளிவாக உணர்ந்தேன்.

19ஆம் நூற்றாண்டு முடியும்போது தாலார்னாவிலும் ஊர் உடை தளர்ந்துவிட்டது. அதைத் திரும்ப எழுப்பியவர்களில் ஓவியர்கள் முதன்மையானவர்கள். மூராவில் பிறந்த ஆண்டர்ஸ் சோர்ன் 1897இல் நடுக்கோடை நடனத்தை வரைந்தார். லெக்சாண்ட் சேகரத்தில் குடியேறிய குஸ்தாஃப் ஆங்கர்க்ரூனா, ஊர் உடையையும் கைத்தொழிலையும் விட்டுவிடாதீர்கள் என்று ஓயாமல் பாடுபட்டார். அதே காலத்தில் ஸ்வீடன் முழுவதற்கும் ஒரே உடை வேண்டும் என்ற எண்ணமும் பிறந்தது. முன்பே 1778இல் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் அரசவைக்கு ஒரு தேசிய உடையைப் புகுத்தியிருந்தார். பாரிஸ் நாகரிகத்துக்குக் கொட்டும் பணத்தைக் குறைப்பது அவர் நோக்கம். 1902இல் மார்த்தா யோர்கென்சென் என்ற பெண்மணி, பெண்களுக்கான தேசிய உடைச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் வடிவமைத்த உடையில் நீலப் பாவாடையும் மஞ்சள் ஏப்ரனும் கொடியின் நிறங்களாயின. லெக்சாண்ட் பெண்கள் துக்கத்துக்கு வைத்திருந்த மஞ்சள் அங்கே நாட்டுப் பெருமையாக மாறியது. பல பத்தாண்டுகள் மறந்துகிடந்த அந்த உடை 1970களில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. 1983 ஜூன் 6, தேசிய நாளன்று அரசி சில்வியா அதை அணிந்தபோது நாட்டின் அங்கீகாரம் பெற்றது.

தேசிய உடை எங்கும் அணியக்கூடியது. ஆகவே அது எந்த ஊரையும் சொல்வதில்லை. நடுக்கோடை மாலையில் லெக்சாண்டின் பள்ளத்தாக்கில் நின்றபோது அந்த வேறுபாடு தெரிந்தது. புல்வெளிச் சரிவு முழுவதும் ஆயிரக்கணக்கான மக்கள். ஏரியில் தேவாலயப் படகுகள் வருகின்றன. பிடில்கள் முன்னே போக, இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை ஆண்கள் முட்டுக்கழிகளால் அங்குலம் அங்குலமாக நிமிர்த்துகிறார்கள். சிவப்புக்கோட்டு ஏப்ரன்கள் எங்கும். என் பக்கத்தில் நின்ற இளம்பெண் ஸ்டாக்ஹோமில் வேலை பார்ப்பவள். உடை அவளுடைய கொள்ளுப்பாட்டியுடையது. கச்சை மட்டும் புதிதாகத் தைத்ததாம். ஆண்டு முழுவதும் நகரத்து அலமாரியில் இருக்கும் அதை, நடுக்கோடைக்கு ஊருக்கு எடுத்துவருகிறாள். அவளைப் போல நகரத்திலிருந்து ஊர் திரும்பியவர்கள் அந்தச் சரிவில் நிறையப் பேர் இருந்தார்கள்.

150 ஆண்டுகளுக்கு முன் ஹாசெலியுஸ், உடை அழிகிறது என்று நினைத்து ஓடிஓடிச் சேகரித்தார். அவர் சேகரித்ததால் எத்தனையோ வெட்டுகளும் தையல்களும் பிழைத்தன. இன்று உடை தைப்பவர்கள் நோர்டிஸ்கா மியூசியத்தின் பழைய துண்டுகளைப் பார்த்துத்தான் ஐயம் தீர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கடனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஊரும் உடையும் அசையாமல் இருந்தன என்ற தோற்றத்தையும் அந்தப் பேழைகளே தருகின்றன. ஒரு பொம்மை உருவத்துக்கு அருகே 'லெக்சாண்ட்' என்றோ 'ரெட்விக்' என்றோ ஒற்றைச் சொல் இருக்கும்போது, அந்தப் பாவாடை நடந்த தூரம் மறைந்துபோகிறது.

நாட்டார் உடைகளைப் பார்க்க ஐரோப்பாவில் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும், அழகை ரசித்து முடித்தபின் இன்னும் சற்று நேரம் அங்கேயே நின்று மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இந்த நூலும் சாயமும் எங்கிருந்து வந்தன? இதில் எழுத்துகள் உண்டா? இதை உடுத்திக்கொண்டு அவள் எதுவரை போனாள்? அருங்காட்சியகங்கள் தங்கள் சீட்டுகளில் அந்த மூன்றாவது விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் விருப்பம்: ரெட்விக்கிலிருந்து ஸ்டாக்ஹோமின் தோட்டங்கள்வரை, வோம்ஹூஸிலிருந்து செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்வரை. ஊரின் பெயரோடு வழியின் பெயரும் சேரும்போதுதான் உடை அவளுடையதாகும்.